கடலில்லா ஊரில் கடல்நீர்

காம்பார் கடலைக் காணாத ஊர். அதன் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிமிர்ந்து நிற்கின்றது. மேற்கே கிந்தா பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டப்பட்ட பள்ளங்கள் இன்று குட்டைகளாகவும் ஏரிகளாகவும் மாறியுள்ளன. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் காம்பார் வளாகத்திலும் அத்தகைய ஏரிகளைக் காணலாம். மழையாலும் ஊற்றாலும் நிரம்பிய அந்த நீர் முழுவதும் நன்னீர். கடலலையைக் காண வேண்டுமானால் 50 கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல வேண்டும்.

இத்தகைய ஊரில் ஒரு வீட்டின் கூடத்தில் கடல்மீன் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இரண்டு கோமாளி மீன்கள் அதில் நீந்துகின்றன. நன்னீர் மீன் வளர்ப்பவர் குழாயைத் திறந்து, குளோரினை நீக்கிவிட்டு, அந்நீரைத் தொட்டியில் ஊற்றிவிடலாம். கடல்மீன் வளர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. தொட்டியிலுள்ள ஒவ்வொரு துளிக் கடல்நீரையும் அவரே உருவாக்க வேண்டும். அவர் அளவில் தவறினால் அதன் விளைவை அனுபவிப்பவை அந்த இரண்டு உயிர்கள். அவற்றால் வேறிடம் தேடிச் செல்லவும் முடியாது.

ஊடாங் காலா கற்பித்த பாடம்

உப்புநீரைச் சரியான அளவில் தயாரிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்துள்ளது.

காம்பாருக்கு மேற்கே பழைய ஈயக் குட்டைகள் சூழ்ந்த தஞ்சோங் துவாலாங் என்னும் சிற்றூர் உள்ளது. 'ஊடாங் காலா' எனப்படும் நீண்ட கால்களையுடைய பெரிய நன்னீர் இறாலுக்கு அவ்வூர் பெயர் பெற்றது. வளர்ந்த ஊடாங் காலா ஆற்றிலும் குட்டையிலும் நன்றாக வாழும். ஆனால், நன்னீரிலேயே விடப்பட்ட அதன் குஞ்சுகள் சில நாள்களில் மடிந்துவிட்டன. நன்னீரில் வாழும் தாயின் குஞ்சுகள் நன்னீரில் ஏன் இறக்கின்றன என்பது ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது.

ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த ஷாவ்-வென் லிங் என்னும் ஆய்வாளர், பினாங்கின் குளுகோரில் 1960களின் தொடக்கத்தில் இப்புதிரை ஆராய்ந்தார். இறால் குஞ்சுகள் உயிர் பிழைக்க உப்பு கலந்த நீர் தேவை என்பதை அவர் கண்டறிந்தார். இயற்கையில் முட்டை சுமக்கும் தாய் இறால்கள் ஆற்றின் போக்கோடு கழிமுகத்தை நோக்கிச் செல்வதன் காரணமும் இதனால் தெளிவாயிற்று. அங்கு ஆறும் கடலும் கலப்பதால் நீர் உவர்நீராக இருக்கும். குஞ்சுகள் சில வாரங்கள் அந்நீரில் வளர்ந்து, இளம் இறால்களாக உருமாறிய பின்னர் ஆற்றுக்குத் திரும்புகின்றன. இக்கண்டுபிடிப்பு நன்னீர் இறால் வளர்ப்புத் தொழிலுக்கு அடித்தளம் இட்டது. 1965இல் மலேசியத் தாய் இறால்கள் ஹவாய்த் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கு இறால் குஞ்சுகளைப் பெருமளவில் வளர்க்கும் முறை உருவாக்கப்பட்டது.

இன்றைய இறால் குஞ்சுப் பண்ணைகளில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்பு இருக்குமாறு நீரைத் தயாரிக்கின்றனர். வெப்பநிலை 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 33 பாகையைத் தாண்டினால் குஞ்சுகள் இறக்கத் தொடங்கும். இந்த எல்லைக்குள் இருந்தாலும் வெப்பநிலை திடீரென்று மாறக்கூடாது. ஒரே ஒரு பாகை சட்டென மாறினாலும் குஞ்சுகள் அதிர்ச்சிக்குள்ளாகும் என இத்துறையினர் எச்சரிக்கின்றனர். நீர் சரியாக இருப்பது மட்டும் போதாது. அது நிலையாகவும் இருக்க வேண்டும். இறால் குஞ்சுக்குப் பொருந்தும் இவ்விதி கோமாளி மீனுக்கும் பொருந்தும்.

உப்பும் கடலுப்பும் ஒன்றா?

"கடல்நீர் என்பது உப்புக் கரைத்த தண்ணீர்தானே? சமையல் உப்பைக் கலந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது.

சராசரிக் கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 'உப்புகள்' என்னும் பன்மையைக் கவனிக்க வேண்டும். அவற்றின் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு குளோரைடு. 31 விழுக்காடு சோடியம். இவ்விரண்டும் சேர்ந்ததே சமையல் உப்பு. எஞ்சிய பகுதியில் சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை அடங்கியுள்ளன. பவளங்கள் தம் கூட்டைக் கட்ட கால்சியம் தேவை. இறாலும் நண்டும் ஓட்டைப் புதுப்பித்துக்கொள்ளவும் அது தேவை. சமையல் உப்பைக் கரைத்த நீர் நாவுக்குக் கரிக்கலாம். உயிர்களுக்கு அது கடலாகாது.

மனிதர்கள் இதைப் படிப்படியாகவே உணர்ந்தனர். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அக்காட்சியகத்தோடு தொடர்புடைய இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்ரி கோஸ், கடற்கரைக்குச் செல்லாமலேயே கடல்நீரை உருவாக்க 1854இல் முயன்றார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் குறிப்பிட்ட அளவில் அவர் கலந்தார். செயற்கைக் கடல்நீரின் தொடக்க கால முயற்சிகளுள் அதுவும் ஒன்றாகும்.

1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' என்னும் ஆய்வுக் கப்பல் உலகப் பெருங்கடல்களைச் சுற்றி வந்தது. அது பல இடங்களில் திரட்டிய நீர் மாதிரிகளுள் 77ஐ வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலாளர் பகுப்பாய்வு செய்து, 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் சற்று வேறுபட்டது. எனினும், முக்கியமான உப்புகளுக்கு இடையிலான விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. விகிதம் மாறாததால், அதே விகிதத்தில் கலந்த உப்புத் தூளை எந்த ஊரிலும் நன்னீரில் கரைத்துக் கடல்நீரை உருவாக்க முடியும். இன்று மீன் கடைகளில் விற்கப்படும் கடலுப்புக் கலவை இந்த அறிவின் பயனே ஆகும்.

எல்லாரும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1930இல் ஷெட் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு வேண்டிய கடல்நீரை நாட்டின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவிலிருந்து இரயில் தொட்டிகளில் கொண்டு வந்தனர். காம்பாரில் மீன் வளர்ப்பவருக்கு இரயில் தேவையில்லை. ஒரு பீப்பாயும் ஒரு பொட்டலம் கலவை உப்பும் போதும். ஆனால், அவருக்குப் பொறுமை வேண்டும்.

நீரை ஏன் மாற்ற வேண்டும்?

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது மீனுக்கு நஞ்சு. தொட்டியின் மணலிலும் கற்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை குறைவு. ஆயினும், அது வெளியேற வழியின்றி நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். பரந்த கடலில் அலையும் நீரோட்டமும் அதைக் கரைத்துவிடுகின்றன. கண்ணாடித் தொட்டியில் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டும். நீரை மாற்றும்போது கழிவு குறைகின்றது. செலவான கால்சியம் போன்றவையும் மீண்டும் கிடைக்கின்றன.

எவ்வளவு நீரை மாற்றலாம்? 200 லிட்டர் தொட்டியில் வாரம் ஒருமுறை 20 லிட்டர், அதாவது 10இல் 1 பங்கு மாற்றுவது பலரும் பின்பற்றும் வழக்கம். ஒரேயடியாகப் பாதி நீரை மாற்றினால் கழிவு விரைவில் குறையும் என்பது உண்மைதான். ஆனால், அதில் ஆபத்து உண்டு. தொட்டி நீர் 27 பாகையிலும் புதிய நீர் 24 பாகையிலும் இருக்கின்றன எனக் கொள்வோம். 20 லிட்டரை மாற்றினால் தொட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ 26.7 பாகையாகும். 100 லிட்டரை மாற்றினால் 25.5 பாகைக்கு இறங்கிவிடும். சிறிதுசிறிதாக மாற்றும்போது, நம் சிறு பிழையைத் தொட்டி தாங்கிக்கொள்ளும். பெருமளவில் மாற்றும்போது அந்தப் பிழை முழுவதும் மீனைச் சென்றடையும்.

வெள்ளிக்கிழமை மாலை: நீரைக் கலத்தல்

நீர் மாற்றும் வேலை சனிக்கிழமை காலையில் என்றால், அதற்கான ஆயத்தம் வெள்ளிக்கிழமை மாலையிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் நன்னீர். குழாய்நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகின்றது. அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். பயன்தரும் பாக்டீரியாவையும் கொல்லும். ஆகவே, குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். பவளம் வளர்ப்பவர்கள் நுண்ணிய சவ்வின் வழியாக வடிகட்டப்பட்ட தூய நீரையே விரும்புவர். செம்புப் பாத்திரத்தில் நீரை வைத்திருக்கக் கூடாது. செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலும் இறாலும் பவளமும் இறந்துவிடும். உணவுப் பொருளுக்கு ஏற்ற, சவர்க்காரம் படாத நெகிழிப் பீப்பாயே சிறந்தது.

அடுத்து உப்பு. 20 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 700 முதல் 750 கிராம் கலவை உப்பு தேவைப்படும். அதைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு உறிஞ்சிக்கொள்ளும். எனவே, ஒரு கோப்பை உப்பு எல்லா நாளும் ஒரே எடையில் இராது. காம்பாரின் மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலம் ஒரே வாரத்தில் கட்டிதட்டிப் போகலாம்.

உப்பை நீரில் இட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. உப்புக் குவியலின் மேல் நீரை ஊற்றினால், தொடக்கத்தில் அங்கு மிகச் செறிவான கரைசல் உண்டாகும். அதில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பால்போல் கலங்கிய அந்நீரில் உயிர்களுக்குத் தேவையான கால்சியம் குறைந்திருக்கும். ஆகவே, பீப்பாயில் முதலில் நீரை நிரப்பி, சிறிய பம்பை இயக்கி, சுழலும் நீரில் உப்பைச் சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். பம்பு இரவு முழுவதும் ஓடினால் உப்பு நன்கு கரையும். காற்றும் கலந்து நீர் சமநிலை அடையும்.

பிறகு அளவு. நாவால் சுவைத்து அறிய முடியாது. ஹைட்ரோமீட்டர் அல்லது ஒளிவிலகல்மானி என்னும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். 25 பாகை வெப்பநிலையில் சரியான கடல்நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026 ஆகும். நீர் சூடாகும்போது விரிவடைவதால் அதன் அடர்த்தி குறையும். ஹைட்ரோமீட்டரில் தெரியும் அளவும் மாறும். அதனால்தான் உப்பையும் வெப்பத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். உப்புக் குறைவாக இருந்தால் சிறிது உப்பையும், கூடுதலாக இருந்தால் சிறிது நன்னீரையும் சேர்க்கலாம். இத்திருத்தங்கள் அனைத்தும் பீப்பாயில்தான் நடைபெற வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் அல்ல.

சூடாக்குவதா, குளிர்விப்பதா?

குளிர்நாட்டு நூல்கள் பலவும் "புதிய நீரைச் சூடாக்குக" என்றே அறிவுறுத்தும். அதற்குத் தக்க காரணம் உண்டு. குளிர்காலத்தில் அங்குள்ள குழாய்நீர் 10 பாகை அளவில் இருக்கலாம். 20 லிட்டர் கடல்நீரை 10 பாகையிலிருந்து 26 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1,300 கிலோஜூல் வெப்ப ஆற்றல் தேவை. 100 வாட் சூடேற்றியால் அந்த ஆற்றலைத் தர மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். அங்கே சூடேற்றி இன்றியமையாதது.

காம்பாரின் நிலை வேறு. இங்கு வெப்பம் ஒரே நாளில் இரு திசையிலும் மாறும். பிற்பகல் வெயிலில் கூரைக்கடியில் உள்ள தொட்டியின் நீர் வெதுவெதுப்பாகிவிடும். அப்போது குழாயைத் திறந்தால் மீன்தொட்டியைவிடச் சூடான நீரே வரும். மாறாக, மாலையில் இடியோடு மழை கொட்டி, இரவு முழுவதும் பீப்பாய் வீட்டின் பின்புறத்தில் இருந்தால், விடியற்காலையில் நீர் 24 பாகைக்குக் குளிர்ந்திருக்கலாம். ஆகவே, இங்கு கேட்க வேண்டிய கேள்வி 'நீர் சூடாக உள்ளதா?' என்பதன்று, 'தொட்டி நீரைப் போலவே உள்ளதா?' என்பதே.

குளிர்ந்திருந்தால் சூடேற்றியைப் பயன்படுத்தலாம். 24 பாகையிலிருந்து 26 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 164 கிலோஜூல் போதும். 100 வாட் சூடேற்றி அதனை அரை மணி நேரத்துக்குள் செய்து முடிக்கும். அப்போதும் பம்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல், மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் நீர் அடுக்கடுக்காக நிற்கும். வெப்பமானி தவறான அளவைக் காட்டும்.

நீர் மிகச் சூடாக இருந்தால் என்ன செய்வது? நன்கு மூடிய போத்தலில் பனிக்கட்டியை அடைத்து, பீப்பாயில் மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் அது உருகி உப்பின் அளவைக் குறைத்துவிடும்.

சூடு அதிகரிப்பதால் ஏற்படும் தீங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 பாகைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது 6.2 மில்லிகிராமாகக் குறையும். அதேவேளையில் சூட்டினால் மீனின் உடலியக்கம் விரைவுபடுவதால் அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடும் நிலை இது. 2010ஆம் ஆண்டில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. அவை மீண்டு வருவதற்காக, தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. பரந்த கடலே தாங்காத சூட்டை 200 லிட்டர் தொட்டி எப்படித் தாங்கும்?

காற்றாடியும் கூடும் உப்பும்

தொட்டியைக் குளிர்விக்கச் சிலர் சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிடுவர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. 200 லிட்டர் நீரை ஒரு பாகை குளிர்விக்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால் போதும். எளிய, மலிவான வழி இது.

ஆனால், இங்குதான் பலரும் தவறிழைக்கின்றனர். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஒரு வாரத்தில் 14 லிட்டர் நீர் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். 'கடல்மீன் தொட்டிதானே' என்றெண்ணி, குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றினால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 37 கிராமைத் தாண்டிவிடும். மறுவாரமும் அவ்வாறே செய்தால் 40 கிராமை எட்டும். கடல்மீனின் உடல்நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. அதனால் அதன் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேறிக்கொண்டே இருக்கின்றது. அந்த இழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகின்றது. உப்பு கூடக்கூட இந்த உழைப்பும் கூடும். எனவே, ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரை நாள்தோறும் ஊற்ற வேண்டும். கழிவோடு வெளியேற்றிய நீருக்கு ஈடாகவே உப்புநீரை ஊற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை: நீரை மாற்றுதல்

சனிக்கிழமை காலையில் பீப்பாயையும் தொட்டியையும் ஒரே கருவிகளால் அளக்க வேண்டும். உப்பும் வெப்பமும் ஒத்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஒத்திராவிட்டால் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமாக நீர் மாற்றியதால் மீன் இறப்பதில்லை. பொருந்தாத நீரை அவசரமாக ஊற்றினால் இறக்கக்கூடும்.

பாதுகாப்பு அடுத்த படி. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே, நீரில் கை வைக்கும் முன்னர் சூடேற்றி, பம்பு ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சூடேற்றியை அணைத்த பின் சுமார் 15 நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே தெரிந்து, பின்னர் அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். மின்கம்பி செருகியைவிடத் தாழ்வாக வளைந்து தொங்கவேண்டும். அப்போதுதான் கம்பியில் வழியும் நீர் செருகிக்குள் புகாமல் கீழே சொட்டிவிடும்.

20 லிட்டர் பழைய நீரைக் குழாய் வழியாக வாளியில் இறக்கிய பின்னர், புதிய நீரை மெதுவாகச் சேர்க்க வேண்டும். வாளியைத் தூக்கி ஒரேயடியாகக் கவிழ்த்தால், கலப்பதற்கு முன்பே அந்நீர் மீனின் மேல் விழும். வெளியேற்றிய உப்புநீரைச் செடிகளுக்கு ஊற்றக் கூடாது, வேர்கள் கருகிவிடும். குட்டையிலும் கொட்டக் கூடாது. வீட்டின் கழிவுநீர்க் குழாயில் விடுவதே முறை. இறுதியாக, தேதி, உப்பின் அளவு, வெப்பநிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். என்றேனும் மீன் சோர்வடைந்தால் காரணத்தைத் தேட அக்குறிப்பேடு உதவும்.

இவையனைத்தும் முடிந்த பின்னர் தொட்டியில் எந்த மாற்றமும் தெரியாது. கோமாளி மீன்கள் முன்போலவே நீந்திக்கொண்டிருக்கும். அவை நீர் மாறியதை உணரவில்லை என்றால், வேலை சரியாக நடந்துள்ளது என்று பொருள். 'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. கடலில்லா ஊரில் கடல்வாழ் உயிரை வளர்க்க விரும்புவோர், தராசையும் வெப்பமானியையும் மட்டுமன்றி இப்பழமொழியையும் கைக்கொள்ள வேண்டும். ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து எடுத்து நம் வீட்டில் வைத்துக்கொண்டால், அந்த இடத்தை அதற்கு ஈடாக அமைத்துக் கொடுப்பது நம் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்

ஈயக் குட்டை - ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி உண்டான குளம்
உவர்நீர் - நன்னீரைவிட உப்பு மிகுந்ததும் கடல்நீரைவிட உப்புக் குறைந்ததுமான நீர்
கழிமுகம் - ஆறு கடலோடு கலக்கும் இடம்
செவுள் - மீனின் மூச்சு உறுப்பு
ஒப்படர்த்தி - தூய நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுக் கூறும் அடர்த்தி
முக்குளிப்பு - நீரில் மூழ்கி நீந்துதல்

கேள்விகளுக்கு விடை எழுதுக

1. நன்னீரில் வாழும் ஊடாங் காலாவின் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவை என்பதைக் கண்டறிந்தவர் யார்?
2. சமையல் உப்பை மட்டும் கரைத்த நீர் கடல்நீருக்கு ஈடாகாது. ஏன்?
3. உப்பின் மேல் நீரை ஊற்றினால் என்ன நிகழும்?
4. "இங்கு வெப்பம் ஒரே நாளில் இரு திசையிலும் மாறும்." இக்கூற்றைக் காம்பாரின் சூழலோடு விளக்குக.
5. ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றிவரும் நண்பருக்கு நீர் கூறும் அறிவுரை யாது? தக்க காரணத்துடன் எழுதுக.
6. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இக்கட்டுரைக்கு எவ்வாறு பொருந்துகின்றது? குழுவில் கலந்துரையாடி, ஒரு பத்தியில் எழுதுக.